லாரிக்கு ஒரு எக்ஸிட்

மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. தானியக் கிடங்கின் வாசலிலிருந்து ரயில் பாதை வரைக்கும் கோதுமை லாரிகள் நின்றன. எந்த லாரி எந்தக் கூரைக்குள் போவதென்று சொல்ல வேண்டிய புரோகிராம் ஜான்தோஸின் மேசையில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

மாட்டவைத்தவன் அவனேதான். காலையில் ஒரு லாரிக்கு எடை வரவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க, கட்டளை அடிக்கிற சன்னலான பைத்தான் ஷெல்லைத் திறக்கும் வரியொன்றைச் சேர்த்தான். லாரிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்றுக்குள்ளேயே அதை வைத்துத் தொலைத்தான். எக்ஸிட் என்று அடித்தால் ஷெல் மூடும், அந்த லாரிக்கு இடம் கிடைக்கும். அடுத்த லாரிக்கு மறுபடியும் ஷெல் திறக்கும். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். புரோகிராமையே நிறுத்தினால் வரிசை அழியும். வரிசை அழிந்தால் வெளியே நிற்கிறவர்கள் இரும்புக் கம்பியோடு உள்ளே வருவார்கள்.

எதிர் மேசையில் மார்லென் பாலூற்றிய டீயை உறிஞ்சினான். போன வாரம் வரை ஜான்தோஸின் நாற்காலி அவனுடையது. அவன் வேலை நேரத்தில் தூங்குகிறான் என்று மேலே போட்டுக்கொடுத்தவன் ஜான்தோஸ்.

"என்ன தம்பி, எக்ஸிட்டு எக்ஸிட்டுன்னு தட்டிக்கிட்டே இருக்க. வெளிய போக வழி தெரியலையா?"

"உன் வேலையப் பாரு."

"அதத்தான் நீ புடுங்கிக்கிட்டியே."

போன் அடித்தது. அண்ணன் கைர்கெல்தி.

"டேய், நான் கடைசியில நிக்கிறேன். தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்கு. நனைஞ்ச கோதுமைய எவன்டா வாங்குவான்? வருசம் பூரா வீட்டுக்கு இதுதான்."

"வந்துரும் கோக்கே," என்று அண்ணனுக்குச் சமாதானம் சொன்னான்.

போனை வைத்துவிட்டு எதிர் மேசைப் பக்கம் திரும்பினான். "மார்லென், தெரிஞ்சா சொல்லித் தொலை."

"கேக்குற அழகப் பாரு. கில் எம்பெடட்னு அடி. நிச்சயமான்னு கேக்கும், ஆமான்னு சொல்லு. அப்புறம் ஒரே ஒரு எக்ஸிட். அந்த எடத்துல ஷெல் இனிமே தொறக்காது. சுத்து தானா ஓடும்."

அடித்தான். கொன்றுவிடவா, நிச்சயமா என்று திரை கேட்டது. விரல் நின்றது. நாற்காலியைப் பறித்தவனுக்கு எவன் நல்ல வழி சொல்வான்? வரிசையை என் கையாலேயே அழிக்கப் பார்க்கிறான். இல்லை என்று அடித்துவிட்டு, பழையபடி எக்ஸிட்டுக்கே திரும்பினான்.

"நம்பலையா? தட்டு, தட்டு. விடியற வரைக்கும் தட்டு."

தகரக் கூரையில் மழை இறங்கியது. போன் மறுபடி அடித்தது. அண்ணன் பக்கத்திலிருந்து மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஜான்தோஸ் அந்தக் கட்டளையை அடித்தான். ஆமாம் என்றான். எக்ஸிட் என்றான்.

ஷெல் திறக்கவில்லை. லாரி எண்கள் மடமடவென்று ஓடி முடிந்தன. வெளியே எஞ்சின்கள் உறுமின.

கடைசியாகக் கூரைக்குள் வந்த லாரியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரம் பார்க்கும் பெண் கோதுமையைக் கையில் அள்ளிப் பிழிந்து பார்த்துவிட்டு, லாரியைத் திருப்பச் சொன்னாள்.

கைர்கெல்தி நனைந்த சட்டையோடு அறைக்குள் வந்தான். "கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சே. இத அப்பவே செஞ்சிருக்க முடியாதா?"

"முடிஞ்சிருக்கும்," என்றான் மார்லென். "அப்பவே சொன்னேன். உன் தம்பிக்குத்தான் நான் ஆகாதவனாச்சே."

கைர்கெல்தி தம்பியைப் பார்த்தான். கையில் அள்ளி வந்திருந்த ஈரக் கோதுமையைக் கீபோர்டின் மேல் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.