பெருநாள் திடல்

நுரைச்சோலையில் அபூசாலியின் குரலுக்குத் தனி மதிப்பு இருந்தது. பள்ளிவாசலில் அவர் நபியின் புகழ் பாடும் மௌலூத் ஓதினால் தெருவில் போகிறவர்களும் நின்று கேட்பார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவர் ஒருவர்.

யுத்தம் முடிந்த கையோடு அவருடைய மனைவி பஸீனா பெண்களுக்கான குர்ஆன் விளக்க வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அதுவரை பொருள் தெரியாமல் ஓதியவள் ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் கேட்டாள். கறுப்பு அபாயா அங்கி உடுத்தாள். ஒருநாள் கணவரிடம், "மௌலூதுக்கு இனி நான் சோறாக்க மாட்டன். அது மார்க்கத்துல இல்லையெண்டு படிச்சிட்டன்" என்றாள்.

அபூசாலி நிமிர்ந்து பார்த்தார். "என்ட வாப்பா ஓதினதும் நான் ஓதுறதும் வீணா?"

"உங்கட குரலை நான் குறை சொல்லல்ல. எனக்கு விளங்கினதை நான் செய்யோணும்."

அந்த வருடம் அந்த வகுப்பை நடத்திய புதிய ஜமாஅத்தார் நோன்புப் பெருநாள் தொழுகையைக் கடற்கரைத் திடலில் நடத்தினார்கள். பெண்களும் வரலாமென்று அறிவித்தார்கள். ஊர்ப் பெண்கள் அதுவரை பெருநாளைக்கு வீட்டில்தான் தொழுதவர்கள். பஸீனா வீடு வீடாகப் போய் அழைத்தாள். நிர்வாகத்தார் அபூசாலியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவர் அவளைத் தடுக்கவில்லை.

பெருநாள் காலை அவர் சக நிர்வாகி ஹிஸ்புல்லாவோடு மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசலுக்குப் போனார். திடலில் தொழுகை தொடங்கிவிட்டது. அவர்கள் கடக்கும்போது காற்றில் தெருப்பக்கத்து மறைப்புத் துணி கம்போடு சரிந்தது. பெண்கள் நெற்றி நிலத்தில் பட சுஜூதில் இருந்தார்கள். வரிசை வரிசையாக, ஒருத்தியும் அசையவில்லை.

"நிப்பாட்டுங்க" என்று இறங்கி ஓடினார் அபூசாலி. கம்பை நிமிர்த்தி, பெண்களுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து நின்றார். பள்ளிக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"நிர்வாகத்து ஆள், நீங்க இஞ்ச நிக்கிறதா?" என்றார் ஹிஸ்புல்லா.

"இது என்ட பொஞ்சாதி கூட்டி வந்த சனம். எவ்வளவு பேரெண்டு பாருங்க." அவர் தலை நிமிர்ந்தே இருந்தது.

தொழுகை முடிந்து பெண்கள் கம்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் பள்ளிக்குப் போனார்.

வீட்டில் பஸீனா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை முன்னே வைத்தாள். "தொழுது சலாம் குடுத்திட்டுத் திரும்பினா உங்கட முதுகு. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா மௌலூதுக்குச் சோறாக்க மாட்டன்" என்றாள்.

"ஓம், தெரியும்" என்று அபூசாலி சிரித்தார். "அடுத்த பெருநாளைக்குக் கம்பு நான் நாட்டுறன். அந்தக் கடற்கரை மண்ணுல ஆழமா இறக்கோணும்."