புகைக்கூண்டு விழுந்த பக்கம்

இந்த நகரத்தை நான் திட்டாத நாள் கிடையாது. ஆனால் வேறு எவனாவது திட்டினால் சட்டையைப் பிடித்துவிடுவேன். நான் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து நிலம் நடுங்கி, அத்தனையும் தரைமட்டமாகிவிட்டது. நாலாம் நாள்தான் திரும்ப முடிந்தது. பாலம் இடிந்திருந்ததால் இடுப்பளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து வந்தேன். தபால் நிலையத்தைக் காணோம். தெருமுனையில் செங்கல் குவியலுக்கு வெளியே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை நாய்கள் இழுக்காமல் இருக்க ஒரு கிழவர் கம்புடன் காவல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஓடினேன்.

எங்கள் ரொட்டிக்கடை மாடியோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த சுவரில் மீட்புக் குழு சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. தேடியாயிற்று, உயிரோடு யாரும் இல்லை என்று அர்த்தமாம். அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்களா, மடையர்கள்?

எங்களுடையது ஆள் ஊர்ந்து போகிற அளவுக்குப் பெரிய விறகடுப்பு. செங்கல் வளைவு, யானை ஏறினாலும் அசையாது. திங்கட்கிழமை கடைக்கு லீவு, அடுப்பும் ஆறியிருக்கும். அன்று ஒருவர் உள்ளே போய் ஈரச்சாக்கால் சாம்பலைத் துடைக்க வேண்டும். ஒரு வாரம் நான், ஒரு வாரம் தம்பி. நிலம் நடுங்கியது திங்கட்கிழமை காலை. அந்த வாரம் என் முறை. "நீ துடைச்சிடுடா, வந்து ரெண்டு வாரம் நானே பாக்குறேன்" என்று அதைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் போனவன் நான்.

அடுப்பின் வாயை அடைத்துக்கொண்டு புகைக்கூண்டு சாய்ந்து நின்றது. தெருவுக்கே ஒரே ஒரு பொக்லைன்தான். அது பக்கத்துத் தையல்கடை இடிபாட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. தையல் மாஸ்டர் கான்கிரீட் பலகைமேல் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"தட்டுறா! எம்பொண்டாட்டி தட்டுறா, கேளுங்க!"

எனக்கும் கேட்டது. டொக், டொக், டொக். அடுப்புப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"அந்தப் புகைக்கூண்டை முதல்ல எடு" என்றேன் டிரைவரிடம்.

"ரோட்டுப் பக்கம் இழுக்கணும்னா சங்கிலி வரணும். சாயங்காலம் ஆகும். இப்பவே தள்ளுனா இவர் கடை மேலதான் விழும்."

"தள்ளு."

மாஸ்டர் எழுந்து வந்து என் காலைப் பிடித்தார். என் கல்யாணச் சட்டையை அளவெடுத்துத் தைத்த மனிதர். உதறினேன். விடவில்லை. பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து, அதன் மொட்டை முனையால் அவர் நெற்றியில் ஒரு போடு போட்டேன். மல்லாந்து விழுந்தார். டிரைவர் குதித்து ஓடப் பார்த்தான். அவன் பிடரியைப் பிடித்து மறுபடி சீட்டில் அழுத்தி, கடப்பாரையின் கூர்முனையைத் தொண்டையில் வைத்தேன். தோலைக் கிழித்து ரத்தம் வந்தது. அவன் அழுதுகொண்டே கியரைப் போட்டான்.

புகைக்கூண்டு விழுந்தது. புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எதையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நசுங்கிய இரும்புக் கதவைக் கடப்பாரையால் நெம்பினேன். உள்ளங்கை கிழிந்தது. கதவு பெயர்ந்து வந்ததும் உள்ளே கையை விட்டுத் துழாவினேன். ஒரு கால் தட்டுப்பட்டது. சூடாக இருந்தது. உயிருள்ள சூடு!

இழுத்துப் போட்டேன். உச்சந்தலை முதல் பாதம்வரை சாம்பல். வாயில் சாக்கின் ஒரு முனை இருந்தது. அதிலிருந்த ஈரத்தைச் சப்பித்தான் நாலு நாள் ஓட்டியிருக்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். உலகத்திலேயே என்னைவிடச் சந்தோஷமானவன் யாரும் இல்லை.

"அண்ணே..." என்றான். குரல் காற்றாக வந்தது. "பக்கத்துக்கடை அக்காதாண்ணே என்னைக் காப்பாத்துனாங்க. தூங்குனா செத்துருவேன்னு சுவத்துல தட்டிக்கிட்டே இருந்தாங்க. நானும் பதிலுக்குத் தட்டுனேன். இன்னிக்குத்தான் கை வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அவங்களத்தானே முதல்ல எடுத்தீங்க?"

நான் திரும்பினேன். மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. தம்பி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தார். இரண்டு கையாலும் ஓங்கினார். நான் தலையை நகர்த்தவில்லை. அடி எனக்கு வேண்டியிருந்தது. கடப்பாரை என் காதை உரசிக்கொண்டு போய், அவர் கடைமேல் கிடந்த புகைக்கூண்டுச் செங்கலில் இறங்கியது.

"தோண்டுடா" என்றார்.

இருட்டும்வரை இரண்டு பேரும் தோண்டினோம். தட்டும் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.