தென்கரை

...மறுபடியும் அதே சாம்பல் நிறப் பெட்டி, மெமரி போதவில்லை, கீழே சரி என்று ஒரே பொத்தான், என்ன சரி, ஒன்றும் சரியில்லை, ஆனாலும் அதைத்தான் அழுத்த வேண்டும், அழுத்தினால் வரைபட மென்பொருள் மொத்தமாக மூடிக்கொள்ளும், காலையிலிருந்து ஒன்பதாவது முறை. ஏரிக்கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி ஒரு கோடு, அவ்வளவுதான் கேட்கிறேன், அதற்குள் எத்தனை வீடு வருகிறது என்று நாளை காலை ஆட்கள் போய்ப் பார்க்க வேண்டும், நாலு மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும், இப்போது மூன்று பத்து. அறுபத்தொரு சதவீதம் வரை சமர்த்தாக ஓடுகிறது, அங்கே வந்ததும் படுத்துவிடுகிறது. சப்போர்ட்காரரைக் கூப்பிட்டால், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார் என்கிறார், பார்த்தேன், ரேம் எவ்வளவு சார், பதினாறு, அப்ப வரக்கூடாதே சார், வரக்கூடாதுதான், வருகிறதே. மேனேஜர் கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டி, என்னப்பா, உன் ஏரி இன்னும் ரொம்பலையா, என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு போனார். நடுவில் மாமியார் போன், மாப்ள சாப்ட்டீங்களா, சாப்ட்டேன் அத்தை, சாப்பிடவில்லை, எதற்காகப் பொய் சொல்கிறேன், உண்மையைச் சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும், அதற்காகத்தான்.

சரி, ஒவ்வொரு அடுக்காக அணைத்துப் பார்ப்போம்... சாலைகளை அணைத்தேன், படுத்தது, வீடுகளை அணைத்தேன், படுத்தது, ஏரியை மட்டும் தனியாக விட்டேன், அப்போதும் படுத்தது. ஆக, ஏரிதான். கரையில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணச் சொன்னேன். பக்கத்து ஏரி இதைவிடப் பெரியது, அதற்கு நாலாயிரம், இதற்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். எந்தப் புண்ணியவான் வரைஞ்சது, என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள், சட்டென்று தன் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வரைந்தவர் என்ற கட்டத்தில் என் மனைவியின் லாகின். போன வருடம் மார்ச். ஆஸ்பத்திரிக்கு முதல்முறை போனது ஜூனில். அவள் போய் இப்போது எட்டு மாதம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மவுஸை நகர்த்த நகர்த்தத் தானாகப் புள்ளி விழும் முறையில் வரைந்திருக்கிறாள், கை நிதானமாகப் போனால் ஐந்து மீட்டருக்கு ஒன்று விழும், இங்கே ஒரு மீட்டருக்குள் முப்பது, நாற்பது, கோடு முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, தன்மேல் தானே சிக்கிக்கொள்கிறது, கரை முழுக்க நூல் சிக்கல், எந்த மென்பொருள்தான் தாங்கும். அப்போது அவள் மேசை எனக்கு நேர் பின்னால். என்னங்க, கோடு நேராவே வரமாட்டேங்குது, கை என்னமோ மாதிரி இருக்கு. மவுஸ் போயிருக்கும், என்றேன், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தேன், அந்த வாரம் எனக்கு என்ன தலைபோகிற வேலை என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இப்ப எப்படி இருக்கு, என்று திரும்பாமலேயே கேட்டேன். சரியாயிடுச்சு, என்றாள். ஏரியை இரண்டு துண்டாக வரைந்திருக்கிறாள், தேதிப்படி வடகரை அந்த ஞாயிறுக்கு முன்னால், தென்கரை பின்னால். தென்கரையைப் பார்த்தேன். அதே சிக்கல். இன்னும் நெருக்கமாக.

மூன்று நாற்பது. புள்ளிகளைக் குறைக்க ஒரு கருவி இருக்கிறது, எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்று கேட்கும், ஒரு மீட்டர் என்று கொடுத்தால் போதும். கொடுத்தேன். அழுத்துவதற்கு முன் எதையோ யோசித்தேன், என்னவென்று தெரியவில்லை, அழுத்தினேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் மூவாயிரத்து இருநூறு ஆனது, கரை வழவழவென்று வேறு யாரோ வரைந்ததுபோல் ஆனது, முப்பது மீட்டர் கோடு பதினோரு விநாடியில் வந்து நின்றது. என் கைக்குள் அந்த மவுஸ், அன்று வாங்கியது, ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. திரும்பிக்கூடப் பார்க்காத என்னிடம் சரியாயிடுச்சு என்று அவள் ஏன் சொன்னாள், இன்னும் நாலு கேள்வி வரும் என்றா, வராது என்று தெரிந்தா... மேனேஜர் மறுபடி கதவில், என்னப்பா ஆச்சு. சரியாயிடுச்சு சார், என்றேன். அவர் திரையைப் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டுப் போனார்.