கல் தூக்கும் காட்சி

அப்பாசாமி மூங்கிலை ஓங்கி சேதுராமனின் முதுகில் இறக்கினான். சத்தம் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரைவரை போய்த் திரும்பியது. நுனியைப் பிளந்து வைத்த மூங்கில் அது. சத்தம் மட்டும்தான், வலி கிடையாது. சயாம் ரயில் பாதைக் கூலிகளைப் பற்றி நாடகம் எழுதிய ஜெயபாலன் வாத்தியார் "பலே!" என்று தொடையைத் தட்டினார்.

அடி வாங்கிய சேதுராமன் தலைக்கு மேல் தூக்கியிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இப்படி இல்லைங்க," என்றான்.

ஒத்திகை தொடங்கி மூன்று வாரத்தில் அவன் தானாக வாய் திறந்தது அன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் கெடா பக்கத்திலிருந்து வந்து, பத்து பெரெண்டாம் என்ற ஊரின் ரப்பர் ஆலையில் பாரம் நிறுப்பவன். அவன் முன்கதை யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டான்.

தேநீர் வாளியோடு வந்த காதர் மைதீன் வாசலிலேயே நின்றுவிட்டார். சுதந்திர விழாக் கமிட்டிக்குத் தலைவர் அவர்தான். "அட, நம்ம ஊமையன் பேசிட்டான்லா! மெர்டேக்கா வர இன்னும் பத்து நாள் இருக்கு தம்பி, அதுக்குள்ள என்ன அவசரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சேதுராமன் சிரிக்கவில்லை.

"முதுகுல அடிக்க மாட்டாங்க. முதுகு போச்சுன்னா மறுநாள் மண்ணு சுமக்க ஆள் இருக்காது. முழங்காலுக்குப் பின்னால, அந்தக் குழியில அடிப்பாங்க." மூங்கிலை வாங்கிக்கொண்டான். எதிரே ஓர் ஆள் நிற்பது போல் பார்த்தான். "கல்லு காதுக்குக் கீழ இறங்கற வரைக்கும் பொறுக்கணும். இறங்கினதும் மணிக்கட்டைத் திருப்பி... இப்படி."

மூங்கில் காற்றை அறுத்தது. யாரும் சிரிக்கவில்லை.

அப்பாசாமி கிட்டே வந்தான். "நீங்க எந்தக் கேம்ப்ல இருந்தீங்க?" என்று கேட்டான்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லி சேதுராமன் மூங்கிலைத் திருப்பிக் கொடுத்தான்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அப்பாசாமியும் அவன் தம்பி நடராஜனும் ஒரே லாரியில் போனவர்கள். அங்கே போனதும் பிரித்துவிட்டார்கள். அண்ணன் கீழ் முகாமுக்கு, தம்பி மேல் முகாமுக்கு. மழை விட்ட பிறகு மேலேயிருந்து காலில் புண்ணோடு இறங்கி வந்த ஒருவன்தான் செய்தி சொன்னான். மேல் முகாமில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் ஒருவன் இருந்தானாம். நம் ஆள்தான், தமிழன்தான். வேலையில் சுணங்கியவனைக் கல் தூக்கி நிற்க வைத்து முழங்கால் குழியில் அடிப்பானாம். கல்லு மண்டோர் என்று பெயர். நடராஜன் மூன்று நாள் தாங்கினான். பெயர் என்ன, முகம் எப்படி என்று கேட்பதற்குள் சொன்னவனும் செத்துப்போனான்.

பன்னிரண்டு வருஷமாக அப்பாசாமி முகமில்லாத ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தான். தெங்கேரா கிட்டங்கியில் அரிசி மூட்டை தூக்கும்போதும் தேடினான். இப்போது முகம் கிடைத்துவிட்டது. அந்த அடியை இவ்வளவு சுத்தமாகக் காட்ட வேறு யாரால் முடியும்? அன்றிரவு அவன் தூங்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் விசாரிப்பார்கள், சமாதானம் பேசுவார்கள். பிளந்த மூங்கிலை அடுப்பில் வைத்துவிட்டு, கட்டை விரல் பருமனுக்கு ஒரு ரோத்தான் பிரம்பு வாங்கி எண்ணெய் தடவி வைத்தான். விழா மேடையில், ஊர் பார்க்க, அவன் முழங்காலை உடைத்துவிட வேண்டும். பிறகு மைக்கைப் பிடித்து இவன் யார் என்று சொல்ல வேண்டும்.

விழாவன்று கஜா பெராங் திடல் முழுக்கத் தென்னங்குருத்து வளைவுகள். காலையில் கோலப் போட்டி. மதியம் மலாய்க்காரர்களின் குதிரையாட்டம், சீன வாலிபர்களின் சிங்கம். மலாய் பேசும் சீனர்களான பாபா வீட்டுப் பெரியவர்கள் வயலின் வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு எடுத்துப் பாடினார்கள். ஐந்து மணிக்கு, வெயில் இன்னும் இறங்காதபோது, தமிழ் நாடகம். காதர் மைதீன் கடை லாரியின் பலகைகளை அடுக்கிக் கட்டிய மேடை. முன்வரிசையில் சயாமில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலை.

மூன்றாவது காட்சியில் சேதுராமன் கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து, கூட்டத்தைப் பார்த்தபடி கல்லைத் தூக்கினான். நிஜக் கல். வாத்தியார் அட்டையில் ஒன்று செய்து கொடுத்தபோது, அட்டைக்குக் கை நடுங்காது என்று மறுத்தவன் அவன். அப்பாசாமி பின்னால் போய் நின்றான். கல் காதுக்குக் கீழ் இறங்கும்வரை பொறுத்தான். மணிக்கட்டைத் திருப்பினான்.

பிரம்பு சதையில் இறங்கிய சத்தம் வேறு மாதிரி இருந்தது. சேதுராமனின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. கத்துவான், திரும்பிப் பார்ப்பான் என்று அப்பாசாமி காத்திருந்தான். அவன் திரும்பவில்லை. கல்லை மறுபடி மேலே தூக்கினான்.

"இச்சி," என்றான்.

அந்த வார்த்தை நாடகத்தில் இல்லை. அடுத்த அடி. "நி." தோல் கிழிந்து ரத்தம் குதிகாலுக்கு ஓடியது. "சான்." "சீ."

நாலாவதில் அப்பாசாமிக்குப் புரிந்துவிட்டது. சயாமில் எல்லா முகாமிலும் அடி வாங்குகிறவன்தான் எண்ண வேண்டும். ஜப்பான் பாஷையில் எண்ண வேண்டும். ஒன்றை விட்டால் முதலிலிருந்து. பத்து முடிந்தால்தான் விடுவார்கள். எந்த மண்டோரும் எண்ணியதில்லை. இந்தக் குரல், நாக்கு பல்லில் இடறாமல் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும் இந்தக் குரல், கீழ் முகாமில் அப்பாசாமிக்கும் இருந்தது. சேதுராமன் அந்த அடியைக் கற்றுக்கொண்டது பிரம்பின் இந்தப் பக்கத்தில் நின்று அல்ல.

புரிந்த பிறகும் மூன்று அடி விழுந்தது. கை தானாக அடித்தது என்று பின்னாளில் அவன் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். பன்னிரண்டு வருஷம் தேடிக் கிடைத்த முகத்தை விட மனமில்லாமல் அவன்தான் அடித்தான். "கோ." "ரோக்கு." "சிச்சி."

ஏழாவதில் முழங்கால் மடிந்தது. கல் பலகையில் விழுந்து உருண்டது. சேதுராமன் முகம் குப்புறச் சாய்ந்தான்.

திடலே எழுந்து நின்று கை தட்டியது. "என்னா நடிப்பு! யா அல்லா, என்னா நடிப்பு!" என்று காதர் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலை மட்டும் மேடையோரத்துக்கு ஓடி வந்தாள். அவள் பார்த்தது ரத்தத்தை. "டேய் மண்டோரு! நாசமாப் போறவனே! விடுடா அவன!"

அப்பாசாமி பிரம்பை எறிந்துவிட்டு மண்டியிட்டான். "அண்ணே, போதும்ணே. நான் அப்பாசாமி. கிட்டங்கி அப்பாசாமி. நாடகம்ணே இது."

சேதுராமன் முகத்தைத் தூக்கினான். அவன் கண் அப்பாசாமிமேல் நிற்கவில்லை, எங்கோ பின்னால் போனது.

"ஏழுதான் ஆச்சு மண்டோர்," என்றான் பணிவாக. "இன்னும் மூணு இருக்கு."

சொல்லிவிட்டு முழங்கையால் ஊர்ந்து கல்லிடம் போனான். அப்பாசாமி பாய்ந்து கல்லை இழுத்தான். சேதுராமன் விடவில்லை. அவன் எப்படியோ எழுந்து அதைத் தூக்கிவிடுவான் என்று பட்டது. அப்பாசாமி கல்லின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு மண்டோர் கூலியை நசுக்குவது போலத் தெரிந்தது. முதல் செருப்பு அவன் காதில் விழுந்தது. பிறகு அஞ்சலையும் இன்னும் நாலைந்து பெண்களும் மேடை ஏறிவிட்டார்கள். யாரோ அவன் முடியைப் பிடித்தார்கள். அவன் எறிந்த பிரம்பை யாரோ எடுத்துக்கொண்டார்கள். அது முதுகில் விழுந்தபோது அவன் நகரவில்லை. சேதுராமனின் விரல்கள் அவன் விலாவுக்கு அடியில் நுழைந்து கல்லைத் தேடிக்கொண்டிருந்தன.