ஹஸ்னா வீட்டு கேன் தண்ணீர்

மொபெட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த பச்சையப்பன், வாசலில் நின்று ஹாரன் அடித்தான். கிணற்றடியில் இருந்த மெஹர்னிசா திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு இழுப்பதையும் நிறுத்தவில்லை. காது மட்டும் அங்கேயே போய் நின்றது. ஹஸ்னா கதவைத் திறக்கிற சத்தம், கேன் தரையில் இறங்குகிற சத்தம், அப்புறம் அந்த வளையல் சத்தம். கண்ணாடி வளையல் எப்படிக் குலுங்கும், தங்க வளையல் எப்படிக் குலுங்கும் என்பது மெஹர்னிசாவுக்குத் தெரியாதா என்ன?

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, ஒரு கிணறு. மெஹர்னிசா மூத்தவர் பக்கீர் முகம்மதுவின் மனைவி. ஹஸ்னா இளையவன் சர்ஃபராஸின் மனைவி. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் பார்த்த குடும்பம். அது படுத்துப்போனதும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி இந்த இடத்தை வாங்கி, கிணற்றை ஒட்டிய சுவருக்குப் பின்னால் ஷெட் போட்டார்கள். சென்னை ஆபீசுகள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களும் டி.வி.க்களும் லாரி லாரியாக வந்து இறங்கின. அண்ணன் அவற்றை உடைத்து இரும்பு, பிளாஸ்டிக், செம்புக் கம்பி என்று பிரிப்பார். தம்பி அவற்றிலிருக்கும் பச்சை போர்டுகளை ஆசிட் டிரம்மில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பான். அதற்கு 'வாஷிங்' என்று பெயர். ஒரே லாரியில் வந்த சரக்கில் அண்ணன் வீட்டுக்கு இடுப்பு வலி வந்தது. தம்பி வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது.

ஃபிரிட்ஜைக்கூட மெஹர்னிசா பொறுத்துக்கொண்டாள். கேன் தண்ணீரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எதிரே கிணறு தளும்பிக்கொண்டிருக்க, தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிப்பது திமிர் இல்லாமல் வேறென்ன? ஹஸ்னாவைப் பெண் பார்க்கப் போனபோது, இவள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளே மெஹர்னிசாதான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. சோறு போடும்போதெல்லாம் புருஷனை அரித்தாள். "உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. நாமளும் வாஷிங் போடலாம். எத்தினி நாளிக்கு இரும்ப ஒட்சிக்கினே இருப்பீங்க?" பக்கீர் முகம்மது ரசச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

அவளுக்கென்று பெருமைப்பட ஒன்றே ஒன்று இருந்தது. உம்மா சீராகக் கொடுத்த செம்புக் குடம். முன்பெல்லாம் புளி போட்டுக் கை வலிக்கத் தேய்த்தாலும் நாலே நாளில் கருத்துவிடும். இப்போது கொஞ்ச நாளாகத் தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் நின்றாலே போதும், உள்பக்கம் புதுக் குடம் போலச் சிவந்து மின்னியது. ஒருநாள் அதை ஹஸ்னாவுக்குக் காட்டினாள். காட்டாமல் எப்படி இருப்பாள்?

"பாரு ஹஸ்னா. புளி வோணாம், சாம்பல் வோணாம். நம்ம கெணத்துத் தண்ணி பட்டாலே பளபளன்னு ஆயிடுது. இத்த வுட்டுட்டு சில பேரு காசு குட்த்து தண்ணி வாங்குறாங்க."

ஹஸ்னா குனிந்து குடத்துக்குள் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. "நௌஷீனுக்கு மட்டும் நம்ம ஊட்லேந்து ஒரு சொம்பு எட்த்துக்கினு போங்கக்கா" என்றாள்.

"எம்பொண்ணு கெணத்துத் தண்ணி குட்ச்சே வளருவா."

மறுநாள் காலையில் மெஹர்னிசாவின் வாசற்படியில் ஒரு முழு கேன் இருந்தது. பிச்சை போடுகிறாளா? மெஹர்னிசா அதைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய், ஹஸ்னாவின் கண்ணெதிரே, கறிச்சட்டியிலிருந்து கரண்டிவரை அந்தத் தண்ணீரிலேயே கழுவினாள். காலி கேனை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அன்று மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. நௌஷீன் மட்டும் அன்றும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். ஆறு வயசுப் பெண், சாப்பிட்டது தங்குவதில்லை. பஜார் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்திருந்தார்.

வீட்டுப் பெண்கள் ஷெட்டுப் பக்கம் போவது வழக்கமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் இருவரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தங்கம் எங்கேதான் விளைகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வேகத்தில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மெஹர்னிசா சுவரைச் சுற்றிப் போனாள். நெடி மூக்கில் அடித்தது. வேலைக்கு வருகிற கெங்கம்மாள் மட்டும் நீல டிரம்களுக்கு நடுவே, வாயில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, நீயும் பாக்க வந்துட்டியா?" என்று சிரித்தவள், வேடிக்கை காட்டுகிறவளைப் போலக் கீழே கிடந்த கருத்த செம்புக் கம்பி ஒன்றை டிரம்மில் முக்கி, இடுக்கியால் தூக்கினாள். கம்பி சிவந்து மின்னியது. "எம்மாம் அழுக்கா இருந்தாலும் இதுல போட்டா புச்சு மாரி ஆய்டும்."

அந்தச் சிவப்பை மெஹர்னிசா தினமும் தன் குடத்துக்குள் பார்க்கிறாள்.

"வேல முட்ஞ்ச ஆசிட்ட எங்க ஊத்துவீங்க?"

கெங்கம்மாள் சுவரோரமாக இருந்த பள்ளத்தைக் காட்டினாள். மண் மஞ்சளும் பச்சையுமாக வெந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்று உருளை தெரிந்தது. "சின்னம்மா ஒருநா இப்டித்தான் வந்துச்சி. இந்தப் பள்ளத்தையே பாத்துக்கினு நின்னுச்சி. அப்பாலதான் கேன் போடச் சொன்னதா பச்சையப்பன் சொன்னான்."

ஹஸ்னாவுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாஷிங் நின்றுவிடும், வளையல் நின்றுவிடும். அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட வேண்டும் என்று பற்களைக் கடித்துக்கொண்டு மெஹர்னிசா நடந்தாள். கிணற்றடி வந்ததும், கேன் தண்ணீரில் தான் கறிச்சட்டி கழுவிய அந்த இடம் கண்ணில் பட்டது. ஹஸ்னாவின் வாசல் பக்கம் திரும்பாமல் தன் வீட்டுக்கே போனாள்.

வீட்டுக்குள் பக்கீர் முகம்மது தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பல நாள் கழித்து முகத்தில் சிரிப்பு. "உன் ஆசப்படியே ஆச்சி. பள்ளிவாசல்ல தம்பிகிட்ட பேசிட்டேன். நமக்குன்னு நாலு டிரம்மு தனியா போட்டுக்க சொல்ட்டான்."

அவள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீரை முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, தண்ணி" என்று பாயில் படுத்திருந்த நௌஷீன் முனகினாள்.

மெஹர்னிசா எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பத்தடிகூட இல்லாத முற்றம் அன்று கடக்க முடியாததாக இருந்தது. ஹஸ்னாவின் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. ஹஸ்னா சொம்பைப் பார்த்தாள். பிறகு மெஹர்னிசாவின் செருப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் மண்ணைப் பார்த்தாள். கண் கலங்கியது. உள்ளேயிருந்து கேனைத் தூக்கிவந்து, இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்தாள்.

சொம்பில் தண்ணீர் ஏறியது. வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக் குலுங்கின. இந்த நேரத்திலும் மெஹர்னிசாவின் கண் அவற்றின் மேலேயே போனது. சொம்பு நிறைந்து அவள் விரல்களின் மேல் வழிந்தது. போதும் என்று இருவருமே சொல்லவில்லை.