ஒத்தக் கை

இசக்கிசெல்விக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். அதுவும் வலது கையில் மட்டும்.

பனவடலிசத்திரத்தில் சொந்தத் தோட்டத்துக் கிணற்றில்தான் அவள் நீச்சல் பழகினாள். அங்கே பந்தயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர்ச்சுவரில் இறங்கும் மோட்டார் குழாயை முதலில் எட்டுகிறவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்னால் வருகிறவர் முகத்தில் தண்ணீரை வாரி அடிக்க வேண்டும். அடித்தால்தான் ஜெயித்ததாக ஒப்புக்கொள்வார்கள். சித்தப்பா பிள்ளைகள் ஆறு பேர் முகத்திலும் அவள் அடித்த தண்ணீருக்கு ஒரு வயலே விளைந்திருக்கும்.

பதிமூன்று வயதில் பாளையங்கோட்டை நீச்சல்குளத்துக்குப் போய் பட்டர்ஃப்ளை நீச்சலைப் பிடித்துக்கொண்டாள். பட்டர்ஃப்ளையில் சட்டம் வேறு. இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் நடுவர் கையைத் தூக்குவார், முதலில் வந்தவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பள்ளியில் ஒரு தடவை, கல்லூரியில் ஒரு தடவை, போன வருஷம் மாநிலப் போட்டியில் ஒரு தடவை இவளுக்கு அப்படி ஆயிற்று. மூன்றும் கடைசிச் சுவரில். போன வருஷக் கூத்து இன்னும் மோசம். பக்கத்துத் தடத்தில் வந்த கடையநல்லூர் நஸ்ரின் பானுவின் முகத்தில் தண்ணீரும் அடித்துவிட்டாள்!

பயிற்சியாளர் குருநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, அடுத்த வருசமும் ஒத்தக் கைன்னா பட்டர்ஃப்ளையை மறந்துரு. ஃப்ரீஸ்டைலுக்குப் போ. அங்க ஒத்தக் கை போதும்."

ஃப்ரீஸ்டைலில் அவள் பத்தோடு பதினொன்று. இரண்டு கையும் வீசி, நெஞ்சு தண்ணீரை விட்டு எழும்புகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் எட்டு வருஷமாக விடியக்காலை பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே போய்வருகிறாள். அதை விடச் சொன்னால் வேறென்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து அழுதாள்.

அம்மா முருகம்மாள் முழுக் கதையையும் கேட்டாள். "இவ்வளவுதானா? விசேஷ வீட்டுல தாம்பூலத் தட்டை நீட்டுனா ஒத்தக் கையாலயா வாங்குவே?"

"இல்ல."

"பொறவென்ன?"

அன்றைக்கே முருகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, கிணற்றின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். நீச்சலும் தெரியாது, தண்ணீரென்றால் பயம் வேறு. மகள் பாய்ந்து வந்து ஒரு கையால் தட்டைப் பிடித்தாள். தட்டு தண்ணீருக்குள் போயிற்று. மறு கை பழக்கதோஷத்தில் வேலையைக் காட்டியது.

"நாசமாப் போறவளே, பெத்தவ மூஞ்சியிலயா அடிக்கே?"

"கை தானா அடிக்கும்மா!"

"என் கையும் தானா அடிக்கும். மேல ஏறி வா!"

மூன்று மாதத்தில் ஏழு தட்டுகள் கிணற்றின் அடியில் சேர்ந்தன. அதில் ஒன்று பேர் பொறித்த சித்தி வீட்டுத் தட்டு, அதற்கு நடந்த சண்டை தனிக் கதை. எட்டாவது தட்டை இசக்கிசெல்வி இரண்டு கையாலும் வாங்கினாள். பழம் அசையவில்லை.

சென்னையில் இந்த வருஷ மாநிலப் போட்டி. அம்மாவும் கூட வந்திருந்தாள். நூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்குத்தான் தேசியப் போட்டி. போகும்போது ஒழுங்காகத்தான் தொட்டுத் திரும்பினாள். திரும்பி வருகையில் பக்கத்தில் நஸ்ரின் பானு நெருங்கிவிட்டாள். சுவர் நெருங்க நெருங்க வலது கை பாழாய்ப்போன குழாயைத் தேடியது. அடப்பாவி, இன்றைக்குமா? அதே நொடி, அம்மா மூக்கு விடைக்கத் தட்டை நீட்டியபடி அந்தச் சுவரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இரண்டு கையும் ஒன்றாகப் போய் அறைந்தன.

நடுவரைப் பார்த்தாள். அவர் கை தொங்கியபடியே இருந்தது. பலகையில் நஸ்ரின் முதலிடம், இவள் இரண்டாமிடம். பட்டர்ஃப்ளை இனி இவளுக்குத்தான்! சந்தோஷத்தில் கத்திக்கொண்டே திரும்பினால், நஸ்ரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அடிச்சிராதட்டி!"

பரிசு மேடையில் இசக்கிசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. இடது கையை அம்மாவைப் பார்த்து ஆட்டிக்கொண்டே வலது கையால் சான்றிதழை வாங்கினாள்.

"ஏட்டி இசக்கி!" என்று அத்தனை கூட்டத்துக்கும் மேலே ஒரு குரல் எழுந்தது. "ரெண்டு கையாலயும் வாங்குட்டி!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பரிசு கொடுக்க வந்தவர் என்ன நினைத்தாரோ, சான்றிதழைத் திரும்ப வாங்கி மறுபடியும் நீட்டினார். இசக்கிசெல்வி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.