துரைக்குக் காட்டிய கபரகொய்யா

பரமலிங்கம் பின்வாசலில் நாற்காலி போட்டு, கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டபடி மலக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதுளைப் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூடிப்பலகை உடைந்த குழி நிரம்பி, வடிகான் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் பச்சை ஈக்கள் பாய் விரித்திருந்தன. அங்கே புழு தின்னக் கபரகொய்யா வரும். உடும்பு பாதி முதலை பாதியாய், நாக்கை நீட்டி நீட்டி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன பைனாகுலர் அது. வாங்கிய நாள்முதல் பெரிய கிளாக்கர் பரமலிங்கம் இயற்கை ஆராய்ச்சியாளருமாகியிருந்தார்.

வீட்டு வேலைக்கு வரும் இராக்கம்மா முற்றத்தோரம் நின்றாள்.

"ஐயா, குழிய மூடச் சொல்லுங்க. கான்தண்ணி நாங்க குடிக்கத் தண்ணி புடிக்கிற பீலியில கலக்குது. பச்சப்புள்ளைக்கு நிக்காம வயித்தால போகுதுங்க."

"மெல்லக் கதை! அது வெருண்டு ஓடிப்போடும். பின்னேரம் புதுத் துரை பாக்க வாறார். பிறகு மூடுவிக்கிறன்."

"போன வாரமும் இதத்தானே சொன்னீங்க."

"அப்ப பேங்க் மனேச்சர் வந்தவர்."

துரை வந்தார். ஒரு கையால் கைக்குட்டையை மூக்கிலும் மறுகையால் பைனாகுலரைக் கண்ணிலும் பிடித்தார். குழிக்குள்ளிருந்து தலை எழும்பியது. தாடையிலிருந்து நூல்நூலாய் வழிந்தது. ஆளைக் கண்ட மிரட்சியில், தின்றதையெல்லாம் அது கக்கியது.

"அபூர்வப் பிறவி, சேர்," என்றார் பரமலிங்கம்.

துரை குமட்டலை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். ரசனை கெட்டவன் என்று ஒரு கிளாக்கர் நினைத்துவிடக் கூடாதே.

வழக்கமாய்ப் பின்வாசல் பக்கமே எட்டிப்பார்க்காத லீலாதேவி, கணவருக்கும் துரைக்கும் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொண்டுவந்தாள். துரை ஒரே மூச்சில் பாதியை இறக்கினார்.

"நல்லா சில்லுன்னு இருக்கு," என்றார், பழகிவந்த தோட்டத் தமிழில். "வீட்டுல பிரிஜ் இருக்கா?"

"இல்லை சேர். வெயிலுக்கு எங்கடை பைப் வத்திப்போச்சு. இது பீலித் தண்ணி. இராக்கம்மாதான் கீழையிருந்து சுமந்து வாறவள்," என்றாள் லீலாதேவி பெருமையோடு.

பரமலிங்கத்தின் வாயில் ஒரு மிடறு அப்படியே நின்றது.

வயிறு காலியான கபரகொய்யா கானுக்குள் இறங்கி, வாலை இழுத்தபடி பீலியை நோக்கிப் போனது. துரை தம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். கீழே தொழிலாளர் லயத்தில் குழந்தை ஈனமாய் அழுதது.

"ஐயா, குழி..." என்றாள் இராக்கம்மா.

பரமலிங்கம் இரண்டு கன்னமும் உப்பியிருக்க, விழுங்கவும் மாட்டாமல் துரை முன்னால் துப்பவும் மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.